"குடிப்பியா தம்பி?"

வயித்துவலிக்காக நான் இதுவரை பார்த்த டாக்டர், நர்ஸ், மெடிக்கல் ஷாப்காரர், பக்கத்து வீட்டு அத்தை எல்லாரையும் கூட்டினால் இருபது பேர் தேறும். அதில் பாதிப் பேர் என்னைக் கேட்ட முதல் கேள்வி மேலே இருக்கிற தலைப்புதான். மீதிப் பேர் கேட்கவே இல்லை. ஊர் பெயரைக் கேட்டதுமே முடிவு பண்ணிட்டாங்க.

என் ஊர் பட்டினச்சேரி. காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவர் கிராமம். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் வாஞ்சூர், அதைத் தாண்டினால் நாகூர், தமிழ்நாடு. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மது விலை குறைவு. அதனால் எல்லையில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரமே "மச்சி, ஊருக்குப் போயிட்டு வரும்போது ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வா" என்று ஆர்டர் குவிந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஆர்டர் கொடுத்தவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமோ என்னவோ, நான் ஒரு சொட்டுகூடக் குடித்தது கிடையாது.

முதல் தடவை வலி வந்தது பிளஸ் டூ படிக்கும்போது. மேல் வயித்தில், நெஞ்சுக்குழிக்குக் கீழே ஆரம்பித்து முதுகுக்கு ஊடுருவிப் போகும் வலி. நேராகப் படுக்க முடியாது. முழங்காலை மடக்கி, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. வாந்தி எடுத்தாலும் வலி குறையாது. அம்மா பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். தெருமுனைக் கடையில் சோடா. அப்புறம் ஒரு கிளினிக்கில் "கேஸ்" என்று ஒரு ஊசி. மூணு நாளில் தானாகவே சரியாகிப் போச்சு. காலேஜ் முதல் வருஷத்தில் மறுபடி வந்தது. மறுபடி கேஸ், மறுபடி ஊசி, "காரம் குறைச்சுக்கோ". ரெண்டு தடவையும் யாரும் ரத்தம் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வயித்துவலின்னா அவ்வளவுதானே என்று இருந்துட்டேன்.

மூணாவது தடவை செகண்ட் இயர் ஸ்டடி லீவில். ஏப்ரல் கடைசி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் நின்றுபோய், அப்பா வீட்டில் வலை சரிபண்ணிக்கொண்டிருந்தார். கையில் காசும் இல்லாத சமயம். ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்த வலி, விடியும்போது என்னைத் தரையில் உருள வைத்தது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டூட்டியில் இருந்தவர் ஓர் இளம் டாக்டர். அவரும் "குடிப்பியா தம்பி?" என்றுதான் கேட்டார். "இல்ல சார்" என்றேன். மற்றவர்கள் மாதிரி நம்பாத சிரிப்பு சிரிக்கவில்லை. "சரி, வேற என்னன்னு பார்ப்போம்" என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். லைபேஸ் என்கிற என்சைம் இருக்க வேண்டிய உச்ச அளவைப் போல மூணு மடங்குக்கும் மேலே. "கேஸ் இல்லப்பா, கணைய அழற்சி. பேங்க்ரியாடைட்டிஸ். ஜிப்மர் போயிடுங்க" என்றார். அந்த "வேற என்னன்னு பார்ப்போம்" என்ற வார்த்தைக்காக அவருக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன்.

காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு சுமார் 130 கிலோமீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று முழுக்கத் தமிழ்நாட்டைத் தாண்டித்தான் எங்கள் தலைநகருக்கே போக முடியும். வழியில் எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்கு. ஆனால் எங்கள் ரேஷன் கார்டு புதுச்சேரி. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் எங்களுக்குக் கிடையாது. ஆம்புலன்ஸில் குனிந்து உட்கார்ந்தபடி ஒவ்வொரு வேகத்தடையையும் எண்ணிக்கொண்டே போனேன்.

கணையம் என்ன பண்ணுதுன்னு இங்கே சொல்லிடறேன். இரைப்பைக்குப் பின்னால், ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குப் படுத்திருக்கும் உறுப்பு. இன்சுலின் சுரப்பது அதன் ஒரு வேலை. இன்னொரு வேலை, சாப்பாட்டைச் செரிக்கும் என்சைம்களைத் தயாரித்துக் குடலுக்கு அனுப்புவது. கறியைக் கரைக்கிற சரக்கு தன்னையே கரைத்துவிடக் கூடாதே என்று, அவற்றைச் செயல்படாத வடிவத்தில்தான் கணையம் வைத்திருக்கும். குடலுக்குள் போன பிறகுதான் அவை உயிர்பெறும். ஏதோ காரணத்தால் உள்ளேயே உயிர்பெற்றுவிட்டால், கணையம் தன்னைத்தானே செரிக்க ஆரம்பிக்கும்.

வார்டில் டாக்டர் இதை அப்பாவுக்கு விளக்கியபோது, அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஐஸ் பத்தாத மத்தி மாதிரியா சார்?" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரியும். மத்தியைப் பிடித்து ஐஸ் போடாமல் விட்டால் முதலில் வயிறுதான் கரைந்து வெடிக்கும். மீனின் சொந்த என்சைம்களே அதன் வயித்தை அரிப்பதால்தான் அப்படி ஆகிறது. நான் படித்த எந்த விளக்கமும் அப்பா சொன்னதை மிஞ்சவில்லை.

காரணம் தேடினார்கள். உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதல் ரெண்டு காரணங்கள் பித்தப்பைக் கல்லும் மதுவும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டினாலும் வரலாம். கால்சியம் அதிகமானாலும், சில மருந்துகளாலும் வரலாம். எனக்கு ஸ்கேனில் பித்தப்பை சுத்தம். கொழுப்பு, கால்சியம் நார்மல். ஆனால் சி.டி. ஸ்கேனில் கணையத்தின் குழாய்க்குள்ளேயே கற்கள். இது புதுசா வந்தது இல்லை, வருஷக்கணக்காக உள்ளே நடந்துகொண்டிருந்திருக்கிறது என்றார்கள்.

இதற்கு ஒரு பெயர் உண்டு. வெப்பமண்டலக் கணைய அழற்சி. 1959-ல் இந்தோனேசியாவில் ஜூய்டெமா என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். பிறகு கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். குடிப்பழக்கம் இல்லாத பிள்ளைகளுக்குச் சின்ன வயசில் வலி, வாலிபத்தில் சர்க்கரை நோய். சென்னையில் டாக்டர் மோகன் இந்த வகைச் சர்க்கரை நோயைப் பல வருஷம் ஆராய்ந்தார். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், அது நிரூபணமாகவில்லை. 2002-ல் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்கள், இந்த நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். உள்ளேயே உயிர்பெறும் என்சைமை அடக்கி வைக்கிற புரதத்தைத் தயாரிப்பது அந்த மரபணுதான். மெக்கானிக்கல்காரர்களுக்குச் சொன்னால், சேஃப்டி வால்வில் பிறவிப் பழுது.

இதைக் கேட்டதும் எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். "பார்த்தீங்களா, நான் குடிச்சு வந்தவன் இல்ல" என்று சொல்ல ஒரு ரிப்போர்ட் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு அதைவிடப் பெருமை. வார்டில் யார் வந்து விசாரித்தாலும், "என் புள்ள தொட்டதே கிடையாது சார், இது பிறவியிலேயே வந்தது" என்று சத்தமாகச் சொல்லுவார். போனில் சொந்தக்காரர்களுக்கும் அதே. நானும் ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் அதையேதான் போட்டேன்.

பக்கத்து பெட்டில் ஒரு கொத்தனார் அண்ணன். நாற்பது வயசு இருக்கும். அதே நோய், அதே போல முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் கேட்டபோது அவர் மனைவி, "இல்ல சார், அவரு குடிக்கமாட்டாரு" என்றார். அவர் வலியில் ஒன்றும் சொல்லவில்லை.

மூணாம் நாள் ராத்திரி அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டியது. சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்று கத்தினார், ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் ரெண்டு மூணு நாளில் இப்படி வரும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முன்னாடியே தெரிந்திருந்தால் தடுக்க மருந்து கொடுத்திருப்பார்கள். டூட்டி டாக்டர் அந்த அக்காவிடம், "ஏம்மா மறைச்சீங்க?" என்று கேட்டார். அந்த அக்கா அழுதுகொண்டே, "குடிகாரன்னு தெரிஞ்சா சரியா பார்க்கமாட்டாங்கன்னு நினைச்சேன் சார்" என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். நாங்கள் மூணு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் அவர் அப்படிச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வார்டில் குடிகாரன் என்பதை ஒரு வசவுச்சொல்லாக ஆக்கியதில் எங்களுக்கும் பங்கு இருக்கு. அண்ணன் பிழைத்துக்கொண்டார். தெளிந்த பிறகு என்னிடம் ஒரே வார்த்தைதான் கேட்டார்: "தம்பி, உனக்கும் முதுகு வரைக்கும் வலிச்சுதா?" ஆமாண்ணே என்றேன்.

அதிகம் குடிக்கிற எல்லாருக்கும் கணைய அழற்சி வருவதில்லை. சிறு பகுதியினருக்குத்தான் வருகிறது. அவர்கள் உடம்பிலும் குடியைத் தவிர வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. புகையும் ஒரு தனிக் காரணம். குடியால் வந்தாலும் பிறவியால் வந்தாலும், முதல் நாள் வைத்தியம் ஒன்றேதான்: அளவான டிரிப்ஸ், வலிக்கு நல்ல மருந்து, கண்காணிப்பு. "குடிப்பியா?" என்பது வைத்தியத்துக்குத் தேவையான கேள்வி. நாமதான் அதைத் தீர்ப்பாக மாற்றி வைத்திருக்கோம்.

இனி, உங்களுக்கு உபயோகப்படும் சில விஷயம்.

மேல் வயித்து வலி முதுகுக்குப் போய், குனிந்தால் குறைந்து, மணிக்கணக்கில் நீடித்தால் சோடாவோடு நிற்காதீங்க. ஆஸ்பத்திரியில் "லைபேஸ் பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்க. நாள் கடந்து போனால் அளவு இறங்கிவிடும். நாள்பட்ட நோயில் ஏறாமலே இருக்கலாம். அப்போது ஸ்கேன்தான் சொல்லும். நெஞ்சுவலியும் சில சமயம் மேல் வயித்தில்தான் தெரியும் என்பதால் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னால் மறுக்காதீங்க. மூச்சு வாங்குதா, ஜுரமா, சிறுநீர் குறையுதா, கண் மஞ்சளா, பெரிய ஆஸ்பத்திரிதான்.

டிரிப்ஸ் எவ்வளவு ஏத்தறோமோ அவ்வளவு நல்லது என்று முன்பு நினைத்தார்கள். 2022-ல் வெளியான, இந்தியா உட்பட நாலு நாடுகளில் நடந்த ஒரு ஆய்வு, அதிகம் ஏத்தியவர்களுக்கு உடம்பில் நீர் தேங்கும் தொல்லைதான் கூடியது என்று காட்டியது. நாள்கணக்கில் பட்டினி போடுவதும் இப்போது இல்லை; வாந்தி நின்று வலி தணிந்தால் சீக்கிரமே சாப்பாடு. தொற்று இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. பித்தப்பைக் கல்லால் லேசாக வந்தவர்களுக்கு, வீட்டுக்குப் போகும் முன்பே பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது. தள்ளிப்போட்டால் திரும்ப வரும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். மோசமாகும் சிலருக்குத்தான் ஐ.சி.யூ. வசதி உள்ள இடம் அவசியம். எந்த வகை என்று முதல் நாளே யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வீட்டில் படுத்துக்கொண்டு பார்க்கக் கூடாது.

எனக்கு இப்போ ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு என்சைம் மாத்திரை. வெறும் வயித்தில் போட்டால் பிரயோஜனமில்லை, சோத்தோடு சேர்த்துத்தான். மெஸ்ஸில் நான் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற மாத்திரை அதுதான், விட்டமின் இல்லை. சர்க்கரை அளவை அடிக்கடி பார்க்கணும். வலி திரும்பத் திரும்ப வந்தால் அதிர்வலையில் கல்லை உடைத்து எண்டோஸ்கோப்பில் எடுப்பதோ, ஆபரேஷனோ செய்யலாம் என்றிருக்கிறார்கள். அம்மா சங்கரா மீன் குழம்பில் எண்ணெயைக் குறைத்துவிட்டார். ருசி குறையவில்லை என்று நான் சொல்வதை அவர் நம்புவதில்லை.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் ஒரு ஜூனியர், "அண்ணே, சரக்கடிச்சுப் பேங்க்ரியாஸ் போயிடுச்சாமே?" என்று கேட்டான். ரிப்போர்ட் பெட்டியில்தான் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை. "உனக்கு அப்படி வலி வந்தா எந்நேரமா இருந்தாலும் என் ரூம் கதவைத் தட்டு. குடிச்சிருந்தாலும் தட்டு. டாக்டர்கிட்ட மட்டும் பொய் சொல்லாதே" என்றேன்.

உங்களுக்கும் அதேதான். பி பிளாக், இரண்டாம் மாடி, படிக்கட்டை ஒட்டின ரூம்.