மகரந்தம் வந்த பிறகு

பிப்ரவரி 4, கோயம்புத்தூர்
வராந்தாவில் வெள்ளை ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட். ஒரே தண்டில் ஆறு பூக்கள். பொங்கலுக்கு முன்பே விரிந்தவை, இன்னும் கட்டுக் குலையவில்லை. மகரந்தம் சேராவிட்டால் இரண்டு மூன்று மாதம்கூட இப்படியே நிற்கும். காலையில் பல்குத்தும் குச்சியால் பக்கத்துத் தொட்டியின் ரோஜா நிறப் பூவில் மகரந்த மூடியைத் தள்ளினேன். ஆர்க்கிட் மகரந்தம் தூளாக உதிராது. இரண்டு மஞ்சள் உருண்டைகள் குச்சியோடு ஒட்டிக்கொண்டு வந்தன. வெள்ளைப் பூ ஒன்றின் சூல்முடிக் குழியில் பசை மின்னியது. அதில் வைத்து அழுத்திவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டினேன்.

பிப்ரவரி 5
மாலையில் நூல் கட்டிய பூவின் இதழ் ஓரங்கள் முன்பக்கமாக வளையத் தொடங்கியிருக்கின்றன. உள்ளே வேலை அதற்கு முன்பே ஆரம்பித்திருக்கும். மகரந்தத்தோடு வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் சூல்முடியைத் தூண்டுகிறது. சூல்முடி எத்திலீன் வாயுவை உண்டாக்குகிறது. சேதி எட்டியதும் இதழும் தன் பங்குக்கு எத்திலீனை வெளியிடுகிறது. மூட்டம் போட்ட வாழைத்தார் பழுப்பதும் இதே வாயுவால்தான். புகையில் அது இருக்கிறது. பழுக்கிற தாரை இந்தத் தொட்டிகளின் பக்கம் கொண்டுவர வேண்டாமென்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 6
பெரிய இதழ்கள் இரண்டும் தொய்ந்து மடங்கிவிட்டன. நரம்புகள் தெளிவாகத் தெரிகின்றன. சூல்முடிக் குழியின் விளிம்பு வீங்கி வாய் மூடிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் இல்லாமல் காய்வது வேறு, இது வேறு. இதழின் செல்கள் தம் புரதத்தையும் கொழுப்பையும் தாமே உடைக்கின்றன. நைட்ரஜன், பாஸ்பரஸ், சர்க்கரை ஆகியவற்றில் ஒரு பங்கு காம்பு வழியே திரும்பிப் போகிறது. பூச்சியை அழைப்பதற்காகச் செய்த செலவில் முடிந்ததைச் செடி மீட்டுக்கொள்கிறது.

பிப்ரவரி 7
ஹான்ஸ் ஃபிட்டிங் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1909-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. ஆர்க்கிட் மகரந்தத்தின் சாற்றைச் சூல்முடியில் வைத்தாலே பூ வாடும் என்று அவர் காட்டினார். உயிருள்ள மகரந்தம் முளைத்து உள்ளே இறங்க வேண்டியதில்லை. அதிலுள்ள பொருள் பட்டாலே போதும்.

பிப்ரவரி 10
இதழ்கள் பழுப்பேறிச் சுருங்கிவிட்டன. பூவை ஒட்டிக் காம்பு போலத் தெரிவதுதான் சூலகம். அதில் பச்சை ஏறி, லேசாகத் தடித்திருக்கிறது. வியப்பு இங்கேதான். மகரந்தம் வந்து சேரும் நேரத்தில் இந்தப் பூவுக்குள் சூல்களே முழுதாக உருவாகியிருக்காது. மகரந்தம் வந்த பிறகே அவை வளர்கின்றன. கருவுறுதலுக்கு இன்னும் பல வாரங்கள் ஆகும். விதை உறுதியாகும் வரை செடி காத்திருப்பதில்லை. வரவை நம்பியே இதழைக் கைவிடுகிறது.

ஆனாலும் எல்லா ஆர்க்கிட்டுக்கும் ஒரே வழக்கம் கிடையாது. ஃபலனாப்சிஸ் வயலேசியாவின் இதழ்கள் வாடாமல் பச்சையாகி, காய்க்கு உணவு தயாரித்துக் கொடுக்கும்.

பிப்ரவரி 18
மற்ற ஐந்து பூக்களும் அப்படியே நிற்கின்றன. அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

"நல்லா இருந்த பூவ எதுக்கு கண்ணு வாட வெச்சே?"

"காய் புடிச்சிருக்கும்மா."

"அதத் தின்ன முடியுமா?"

முடியாது. முற்றப் பல மாதம் ஆகும். அதுவரை செடிக்குப் பாரம்தான். இளஞ்செடி என்றால் கிள்ளிவிட்டிருப்பேன். இதற்கு வேர் பலமாக இருக்கிறது, இலையும் தடிமன். காயை விட்டுவைக்கிறேன்.