ஜக்கார்டு பெட்டியைத் தேடி களம்பூருக்கு

களம்பூருக்கு ரயிலில் வருகிறவர்கள் 'ஆரணி ரோடு' என்ற பலகையைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். வெளியூரில் இந்த ஊருக்கு அரிசியால் பெயர். நான் வந்தது தறிக்காக, அதிலும் தறிமேல் தொங்கும் அட்டைகளுக்காக.

கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்த்ததிலிருந்தே இந்த ஆசை. 1959-இல் வெளிவந்த ஐ.பி.எம். 1401 கணினியை அங்கே இன்னும் ஓட்டிக் காட்டுகிறார்கள். அது படிப்பது துளையிட்ட அட்டையை. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறியாளர் ஹாலரித் பயன்படுத்தியதும் அட்டைதான். 1830களில் ஆங்கிலேயக் கணித அறிஞர் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டையைத் தேர்ந்தெடுத்தது பட்டுத் தறியைப் பார்த்து. அந்தத் தறியை 1804 வாக்கில் பிரான்சில் உருவாக்கியவர் ஜோசஃப் மரி ஜக்கார்டு. ஆரணிப் பக்கத்தில் ஜக்கார்டு என்றால் யாருக்கும் ஆள் நினைவுக்கு வராது, பெட்டிதான் நினைவுக்கு வரும்.

அந்தப் பெட்டி நெசவாளர் ஒருவரின் வீட்டில் குழித்தறிக்கு மேலே உட்கார்ந்திருந்தது. கயிற்றில் கோத்த அட்டைகள் வளையமாகத் தொங்கின. பெரியவர் மிதியை அழுத்தினார். 'டக்' என்று ஓர் அட்டை திரும்பியது. பாவில் சில இழைகள் மட்டும் எழுந்தன, இடையே நாடா ஓடியது. அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை.

"எந்த இழை ஏறணும்னு அதுக்கு எப்படிங்கய்யா தெரியுது?"

"ஓட்டை இருந்தா ஊசி உள்ள போவும், கொக்கி மேல ஏறும். ஓட்டை இல்லேன்னா ஊசியத் தள்ளிடும், கொக்கி ஏறாது. அவ்ளோதாம்பா."

கணினியின் ஒன்றும் பூஜ்ஜியமும் இதுதான். இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஜக்கார்டின் உருவத்தையே 1839-இல் லியோனில் பட்டில் நெய்தார்கள், அதற்கு 24,000 அட்டைகள் ஆயின, அதில் ஒரு பிரதியை பாபேஜ் வாங்கி வைத்திருந்தார் என்று சொன்னேன். பெரியவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அத்தன அட்டைய எங்கப்பா தொங்கவிட்டாங்க?" நெய்கிறவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

இப்போது எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. கணினியில் வரைந்த டிசைன் நேரே தறிக்கு ஏறுகிறது, அட்டைக்கு வேலையில்லை. வேலை குறைவது நெசவாளருக்கு நல்லதே. ஆனால் பழைய அட்டைக் கட்டுகள் எடைக்குப் போவதை நினைத்தால் மனம் பதறுகிறது. ஒவ்வொரு கட்டும் ஒரு முந்தியின், ஒரு பார்டரின் புரோகிராம்.

இவற்றைக் காத்துக் காட்சிக்கு வைக்க ஆரணி வட்டாரத்தில் ஓர் அறை போதும். ஒரு தறி, ஒரு பெட்டி, கட்டம் போட்ட தாளில் வரைந்த டிசைன், அதற்கு அடித்த அட்டைகள், அதில் நெய்த துணி. மவுன்டன் வியூவில் 1401-ஐப் பழுதுபார்த்து ஓட்ட, ஓய்வுபெற்ற பொறியாளர்கள் தொண்டாக வருகிறார்கள். இங்கே ஓட்டிக் காட்டத் தெரிந்தவர்கள் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள்.