"இறங்கிவிட்டேன்" என்று சொன்னது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் பொறுமையாக வாசித்தால் நல்லது. தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். பெயர் போட வேண்டாம் என்றான், போடவில்லை.

எங்கள் தம்பி லண்டனில் மென்பொருள் வேலை செய்கிறான். நான்கு வருஷத்துக்கு முன் ஒருநாள் வீடியோ கோலில் வந்து, "உம்மா, நான் பறக்கப் படிக்கிறன்" என்றான். விமானம் ஓட்டப் படிக்கிறான் என்று நினைத்து உம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அது பாராகிளைடிங். எஞ்சின் கிடையாது. துணியால் செய்த ஒரு சிறகு, அதிலிருந்து இறங்கும் மெல்லிய கயிறுகள், கீழே ஓர் இருக்கை. மலைச்சரிவில் சிறகை விரித்து நாலு எட்டு ஓடினால் கால் நிலத்தை விட்டுக் கிளம்பும். வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்றைப் பிடித்து வட்டமிட்டு மேலே போவார்கள். பருந்து இறகடிக்காமல் சுற்றிச் சுற்றி உயருமே, அதே வித்தை.

உம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நீ மேல இருக்கக்க எங்களுக்கு எப்பிடித் தெரியும், சுகமா இருக்கியா இல்லையா எண்டு?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் தம்பி போனில் அந்த ஏற்பாட்டைச் செய்தான்.

பறப்பவர்கள் பலர் இப்போது போனையே கருவியாகப் பாவிக்கிறார்கள். எக்ஸ்சி ட்ராக் போன்ற செயலிகள் இருக்கின்றன. போனை இருக்கைக்கு முன்னால் கட்டிவிட்டால் உயரம், வேகம், காற்றின் திசை எல்லாம் காட்டும். காற்றழுத்தம் அளக்கும் உணரி இருந்தால், மேலே ஏறுகிறோமா கீழே இறங்குகிறோமா என்பதைச் சத்தத்திலேயே சொல்லும். ஏறினால் வேகமான 'பீப் பீப்', இறங்கினால் தாழ்ந்த முனகல். விமானங்களுக்கென்று ஒதுக்கிய வான்பகுதியை நெருங்கினால் எச்சரிக்கும். சிக்னல் இருந்தால் இருக்கும் இடத்தை இணையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் ஏன் தானாக நடக்க வேண்டும் என்று கேட்டோம். "ராத்தா, ரெண்டு கையும் பிரேக் கயிற்றில இருக்கும். காற்றுக் குழம்பியிருக்கிற நேரம் ஒரு கையை எடுத்து மெசேஜ் அடிக்கப் போனா சிறகு மடிஞ்சிரும். மேல குளிர், கையுறையும் போட்டிருப்பம்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் அடிக்கடி சொல்லுவார்: பிள்ளைகள் வேலையைத் தொடங்கிய பிறகு கொடுக்கும் அறிவுறுத்தல் யார் காதிலும் ஏறாது, எல்லாவற்றையும் தொடங்க முன்னமே சொல்லி முடித்துவிட வேண்டும் என்று. தம்பி செய்ததும் அதைத்தான். 'இது நடந்தால் இதைச் செய்' என்று போனுக்குத் தரையில் வைத்தே சொல்லிக்கொடுத்தான்.

செயலியில் ஏற்கனவே இருப்பது போதாதென்று தானே மூன்று விதிகள் எழுதினான். ஒன்று, பறக்கத் தொடங்கியதும் எங்கள் குடும்ப டெலிகிராம் குழுவுக்குச் செய்தி. இரண்டு, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இடமும் உயரமும். மூன்று, இறங்கியதும் செய்தி.

இறங்கியது போனுக்கு எப்படித் தெரியும்? வேகம் பூச்சியமானால் என்று வைக்க முடியாதாம். பாராகிளைடர் சாதாரணமாக மணிக்கு 35 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடப் போகும். எதிர்க்காற்றும் அதே வேகத்தில் அடித்தால் ஆள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பான். அதனால் வேகமும் இல்லை, உயரமும் மாறவில்லை, இப்படி மூன்று நிமிடம் போனால் 'இறங்கிவிட்டான்' என்று கணக்கு வைத்தான். கெட்டிக்காரத்தனமான கணக்கு என்று நாங்களும் மெச்சினோம்.

அந்த மூன்றாவது செய்தியில் என்ன எழுதுவது என்று எங்களிடம்தான் கேட்டான். முதலில் வெறும் 'இறங்கிவிட்டேன்' என்று இருந்தது. உம்மாவுக்குப் போதவில்லை. நாங்கள் திருத்தி எழுதிக் கொடுத்தோம்: 'இறங்கிவிட்டேன். சுகமாக இருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.'

இந்த வரியை எழுதியது நாங்கள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோடைகாலம் நன்றாகப் போனது. சனி ஞாயிறுகளில் அஸர் தொழுதுவிட்டு உம்மா போனைக் கையில் எடுப்பார். 'பறக்கத் தொடங்கிவிட்டேன்' வரும். பிறகு உயரங்கள் வரும். வாப்பா அதை வாசித்து, "ஆயிரத்து நூறு மீற்றர், நம்மட புள்ள மேகத்தத் தொடப் போறான்" என்பார். கடைசியில் அல்ஹம்துலில்லாஹ் வரும். எங்கள் வீட்டில் மஃரிபுக்குப் பிறகு தேநீர் அந்தச் செய்தி வந்த பிறகுதான்.

போன வருஷம் ஓகஸ்டில் பிரான்சில் அனெசி என்ற ஏரிக்கரைக்கு நண்பர்களோடு போனான். ஐரோப்பாவில் பாராகிளைடிங்குக்குப் பெயர்போன இடம். ஏரியை விட சுமார் 800 மீற்றர் உயரத்தில் உள்ள மலைச்சரிவிலிருந்து கிளம்பி, ஏரியின் தெற்கு முனைப் பக்கத்துப் புல்வெளியில் இறங்குவார்கள். கோடையில் அவர்களுக்கும் நமக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம். நம் நேரம் மாலை ஐந்துக்குக் கிளம்பினான். செய்திகள் ஒழுங்காக வந்தன. ஏழு இருபதுக்கும் அரைக்கும் இடையில் கடைசிச் செய்தி வந்தது. இறங்கிவிட்டேன், சுகமாக இருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். நாங்களும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். உம்மா இரண்டு ரக்அத் தொழுதார். இஷாவுக்குப் பிறகு சாப்பிட்டோம், சிரித்தோம், படுக்கப் போனோம்.

அந்த நேரம் தம்பி ஓர் ஊசியிலை மரத்தில், தரையிலிருந்து 12 மீற்றர் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான்.

மலைக்குப் பின்பக்கத்துச் சுழல்காற்றில் மாட்டி, சிறகின் ஒரு பாதி மடிந்து, காட்டுக்குள் விழுந்திருக்கிறான். கிளைகளில் சிறகு சிக்கியதால் உயிர் தப்பியது. இடது மணிக்கட்டும் இரண்டு விலா எலும்பும் உடைந்திருந்தன. மோதிய வேகத்தில் போன் கழன்று கீழே விழுந்து, காட்டுத் தரையில் கிடந்தது. வேகம் இல்லை. உயரம் மாறவில்லை. மூன்று நிமிடம் போனது. விதி சொன்னபடி அது தன் வேலையைச் செய்தது.

எங்களுக்கு வந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதே செய்தி ஆங்கிலத்தில் கூடப் போன நண்பர்களுக்கும் போகும்படி வைத்திருந்தான். வேறொரு புல்வெளியில் இறங்கியிருக்கிறான் போல, பஸ்ஸில் வருவான் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். வோக்கிடோக்கியை நிறுத்திவிட்டுச் சிறகுகளை மடித்துக்கொண்டு தங்குமிடத்துக்குப் போய்விட்டார்கள். தம்பி மரத்திலிருந்து வோக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கேட்க ஆளில்லை.

ஒன்றரை மணித்தியாலம். கழுத்தில் கட்டியிருந்த ஒரு சின்ன விசிலை ஊதி ஊதித்தான், மலை ஏற வந்த ஒரு கணவன் மனைவியின் காதில் விழுந்தது. அவர்கள் 112க்கு அழைத்தார்கள். மலை மீட்புப் படையினர் வந்து கயிறு கட்டி இறக்கினார்கள். நம் நேரம் நள்ளிரவுக்குக் கிட்ட ஆஸ்பத்திரியிலிருந்து கோல் வந்தது.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு வீடியோவில் வந்தான். உம்மா அழவில்லை. "அந்தச் செய்திய நீயா அனுப்பினாய்?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல உம்மா, போன்தான் அனுப்பினது."

"போன் எப்பிடி மகன் அல்ஹம்துலில்லாஹ் சொல்லும்?"

எங்களில் ஒருவருக்கும் பதில் இல்லை. அந்த வரியை அதன் வாயில் வைத்தது நாங்களல்லவா?

தம்பி சின்ன வயதில் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பான். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அறிஞர். இறகுகளைக் கட்டிக்கொண்டு பறந்து பார்த்தார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டது என்றும் பல நூற்றாண்டுகள் கழித்து அல்மக்கரி எழுதியிருக்கிறார். பறவை இறங்கும்போது வாலைப் பயன்படுத்துகிறது என்பதை அவர் கவனிக்கவில்லையாம். ஏறுவதற்கு எல்லாம் யோசித்தவர் இறங்குவதற்கு யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து தம்பி அதைச் சொல்லிச் சிரித்தான். சிரிக்க விலா விடவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தோம். செயலியில் பிழை இல்லை. போனுக்குத் தெரிந்தது, தான் அசையாமல் கிடக்கிறேன் என்பது மட்டும்தான். நல்லபடி இறங்கினாலும் அசையாது, விழுந்தாலும் அசையாது. 'சுகம்' என்ற முடிவை நாங்கள்தான் முன்கூட்டியே எழுதிவைத்தோம். கவலையோடு இருப்பவர்கள், தங்களுக்குக் கேட்க ஆசையான பதிலையே எழுதி வைத்துவிட்டார்கள்.

இப்போது விதிகள் வேறு. பறப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் பயன்படட்டும் என்று எழுதுகிறோம்.

போன் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லும்: 'மூன்று நிமிடமாக அசைவில்லை. இடம் இது.' 

சிக்னல் போனால் 'தொடர்பு இல்லை' என்று மட்டும் வரும். நல்லது கெட்டது எதையும் அது சொல்லாது.

சுகம் என்ற சொல்லை அவன் தன் விரலால் அடிக்க வேண்டும். முன்கூட்டி எழுதிவைத்த வரி எதுவும் கிடையாது.

அசைவில்லை என்று வந்து 15 நிமிடத்துக்குள் சுகம் வராவிட்டால், போனில் முதலில் சத்தம் போடுவது அங்கே தரையில் நிற்கும் நண்பர்களுக்கு. அவர்கள் வோக்கியில் கூப்பிடுவார்கள், பிறகு 112. எங்களுக்குக் கடைசியில்தான் வரும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் எங்களால் துஆ செய்யலாம், மரத்திலிருந்து இறக்க முடியாது. உம்மாவே இதை ஒத்துக்கொண்டார்.

எல்லோருடைய சுகமும் வரும்வரை யாரும் வோக்கியை நிறுத்தக் கூடாது.

போனை மட்டும் நம்பாமல், செய்மதி வழியாக உதவி கேட்கும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கி நெஞ்சுப் பட்டியில் கட்டியிருக்கிறான். விசில் இப்போதும் கழுத்தில் இருக்கிறது.

நம் ஊரில் மலையும் இல்லை, பறப்பவரும் இல்லை, இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கட்டாரிலும் சவூதியிலும் பிள்ளைகள் இருக்கும் உம்மாமார் எங்கள் பாடசாலைக்கு வருவார்கள். "மகன் பேசினாரா?" என்று கேட்டால், "வட்ஸ்அப்பில ஒன்லைன் காட்டினது சேர், சுகமாத்தான் இருக்கார்" என்பார்கள். நீலச் சரி விழுந்தால் சுகம். ஸ்டேட்டஸ் போட்டால் சுகம். மாதாந்தம் காசு வந்தால் சுகம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். போன் அசைகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, மீதியை நம் ஆசைக்கேற்ப நிரப்பிக்கொள்கிறோம். இன்றிரவு ஒரு தடவை கோல் எடுத்துக் குரலைக் கேளுங்கள். குரலில் தெரிவது நீலச் சரியில் தெரியாது.

தம்பி இந்த வருஷம் மே மாதம் திரும்பவும் பறந்தான். தடுக்கவில்லை. அஸருக்குப் பிறகு எல்லோரும் கூடத்தில் இருந்தோம். 'அசைவில்லை' என்ற செய்தி முதலில் வந்தது. வாப்பா கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் பேசவில்லை. நாலு நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது:

'சுகன் உம்ம'

கையுறையைக் கழற்றாமல் தட்டியிருக்கிறான் போல. ஒரு வரியில் இரண்டு எழுத்துப்பிழை. பதினொரு வருஷமாகப் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்ட கை இது. அந்தப் பிழைகளை மட்டும் திருத்த மனம் வரவில்லை.

உம்மா தேநீர் ஊற்ற எழுந்து போனார்.

அவனுக்காகவும், தூரத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆ செய்யுங்கள்.