பதிமுகத் தண்ணீரைத் திருப்பி அனுப்பியவன்

கொரியர்களோடு சாப்பிட உட்கார்ந்தால் என்னைவிட நல்ல பிள்ளை கிடையாது. வயதில் மூத்தவர் கரண்டியைத் தொடும்வரை என் கை மேசைமேல் ஏறாது. அவர் ஊற்றும்போது என் கோப்பையை இரண்டு கைகளாலும் ஏந்துவேன். குடிக்கையில் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வேன். பெரியவர் முன்னால் நேருக்கு நேர் குடிப்பது அவர்களிடம் மரியாதைக் குறைவு. என் கோப்பையை நானே நிரப்பிக்கொள்ள மாட்டேன். கையில் வழுக்குகிற உலோகக் குச்சியால் வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்ன வீட்டில் உட்கார்ந்து பழகியவன் நான். ஹூண்டாய் 1996இல் இந்தியாவுக்கு வந்து இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை போட்ட பிறகு சென்னையில் கொரிய உணவகங்கள் பெருகின. சரக்கு ஏற்றுமதித் தொழிலில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த மேசைகளும் அலுவலகத்தின் ஒரு பகுதிதான். அங்கே எனக்கு நல்ல பெயர். “இவர் நம்ம ஆள் மாதிரி” என்று ஒரு பெரியவர் சொன்னதை வீட்டில் எத்தனை முறை சொல்லிக் காட்டியிருப்பேன் என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

இதே ஆள் கேரளத்து விழிஞ்ஞத்தில் எப்படி நடந்துகொண்டான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

2024 ஜூலையில் ‘சான் ஃபெர்னாண்டோ’ என்ற கப்பல் சீனத்தின் ஷியாமென் துறைமுகத்திலிருந்து பெட்டிகளோடு விழிஞ்ஞத்தில் வந்து நின்றது. 2025 மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தை முறைப்படி திறந்துவைத்தார். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய்க் கப்பல் மாற வேண்டிய பெட்டிகள் இனி இங்கேயே மாறலாம் என்றதும் எங்கள் தொழில்காரர்களுக்கு அந்த ஊர் பழக்கமாகிவிட்டது. கரையின் ஒரு கோடியில் ராட்சத கிரேன்கள். இன்னொரு கோடியில் பழைய மீன்பிடித் துறைமுகம், மாதா கோயில், பள்ளிவாசல், மீன் ஹோட்டல்கள். வேலை முடிந்தால் எல்லாரும் அந்தப் பக்கம்தான் போவோம்.

அந்த ஹோட்டல்களில் மசாலா பூசிய மீன்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டுவந்து காட்டுவார்கள். விரல் நீட்டிய மீன் பொரிந்து வரும். விலையை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. நெய்மீன், ஆவோலி, வேளாப்பாரை, கணவாய் எல்லாம் இருக்கும். சிப்பி மட்டும் தனிக் கதை. பாறையில் ஒட்டிக் கிடப்பதை ஆட்கள் கடலில் மூழ்கிப் பெயர்த்துக் கொண்டுவருகிறார்கள். கொல்லத்துக்குத் தெற்கே குமரி வரைக்கும் கிடைப்பது பழுப்பு ஓட்டுச் சிப்பி. தேங்காய்த் துண்டும் மிளகும் போட்டு வறுத்துவைத்தால் பேச்சு நின்றுவிடும். மீனில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை, இதைப் பதிவு செய்துவிடுகிறேன். தகராறெல்லாம் தண்ணீரிலும் சோற்றிலும்தான்.

முதல் தடவை போனபோது ஒரு ஸ்டீல் ஜக்கில் வெதுவெதுப்பாக, வெளிறிய ரோஜா நிறத்தில் தண்ணீர் வைத்தார்கள். எதற்கென்று யாரையும் கேட்கவில்லை. அதை எடுத்து இலையில் தெளித்துத் துடைத்தேன். விரல்களையும் நனைத்துக்கொண்டேன். பரிமாறிய சேச்சி பார்த்துக்கொண்டே நின்றார். “பதிமுகம் போட்டுத் திளப்பிச்ச வெள்ளம், சாரே. குடிக்கான்” என்றார். “வேண்டாம், மினரல் வாட்டர் ஒண்ணு. கூலிங்கா” என்று ஜக்கை நகர்த்திவிட்டேன். அடுத்துச் சோறு வந்தது. தடித்தடியாகச் சிவந்த குத்தரிசி. “இது என்ன, ரேஷன் அரிசியா? வெள்ளைச் சோறு கிடையாதா?” என்றேன். அது முடிந்து, மீன் ஹோட்டலில் உட்கார்ந்துகொண்டு சாம்பார் இருக்கிறதா என்றும் கேட்டேன். கூட வந்த என் மச்சினன் கேட்டதாகச் சொல்லலாமா என்று இதை எழுதும்போது ஒரு கணம் தோன்றியது. இல்லை, நான்தான் கேட்டேன்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கொரிய உணவகத்தில் உட்கார்ந்ததும் தண்ணீருக்குப் பதிலாகப் பல இடங்களில் பார்லித் தேநீர் வைப்பார்கள். வறுத்த பார்லியைக் கொதிக்கவைத்து எடுத்த பழுப்புத் தண்ணீர்; லேசான கருகல் வாசம். முதல் மடக்கில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த நிமிடமே அதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வெறும் தண்ணீரைக்கூட எவ்வளவு அக்கறையாகப் பரிமாறுகிறார்கள் என்று வியந்து, நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். விழிஞ்ஞத்தில் வந்ததும் அதே காரியம்தான். பதிமுகம் என்பது சாயமரத்தின் வைரம் பாய்ந்த கட்டை. கேரளத்தில் அதன் சீவலைச் சீரகம், சுக்கு, ஏலத்தோல் போன்றவற்றோடு கலந்து தாகசமனி என்று பொட்டலமாக விற்கிறார்கள். ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்கவைத்தால் தண்ணீர் ரோஜா நிறமாகும். எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாகும். நிறம் இருந்தால் தண்ணீர் கொதித்தது என்று அர்த்தம். மழைக்காலத்தில் கடையில் சாப்பிடுகிறவனுக்கு இதைவிட எளிய உத்தரவாதம் ஏது? மார்கோ போலோ 13ஆம் நூற்றாண்டிலேயே கொல்லத்துச் சரக்குகளில் இந்தச் சாயக்கட்டையைக் குறித்துவைத்திருக்கிறார். ஐரோப்பியச் சந்தையில் ‘பிரசில்’ என்று விலைபோனது முதலில் இதுதான். இதேபோலச் சாயம் தரும் வேறொரு மரம் தென்னமெரிக்கக் கரையில் அகப்பட்டபின் அந்த நாட்டுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏற்றுமதிக்காரனான எனக்கு இந்தச் சரக்கின் கதை தெரிந்திருக்க வேண்டும். நான் அதில் விரல் கழுவினேன்.

சோற்றுக் கதை இன்னும் மோசம். எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். நாங்கள் பொங்கியதுதான் சோறு என்ற திமிர் பிறவியிலேயே உண்டு. அதே நான் சென்னையில் இயற்கை அங்காடிக்குப் போய், மாப்பிள்ளைச் சம்பாவை வழக்கமான அரிசியைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, சிவப்பரிசியின் அருமையைப் பற்றி விருந்தாளிகளிடம் பேசுகிறவன். துணிப்பையில் கட்டி விற்றால் பாரம்பரியம். விழிஞ்ஞத்தில் கரண்டியால் அள்ளிப் போட்டால் ரேஷன்.

மரச்சீனிக் கிழங்கையும் அன்றைக்கு ஒதுக்கினேன். நம் பக்கத்தில் மரவள்ளி என்றால் சேலத்து ஜவ்வரிசி ஆலை ஞாபகம்தான் வருகிறது. மீன்குழம்புக்கு அதைத் துணையாக வைப்பது ஏழைச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததில் உண்மை இல்லாமலும் இல்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள், பஞ்சத்துக்கு மருந்தாகத்தான் அந்தக் கிழங்கைப் பரப்பினார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது அந்தச் சமஸ்தானத்தின் வயிறு அதை வைத்துத்தான் நிரம்பியது. இன்று திருவனந்தபுரத்து ஸ்ரீகாரியத்தில் கிழங்குப் பயிர்களுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1963 முதல். கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. குழம்பைச் சிவக்கவைக்கிற மிளகாயும் அப்படி வந்ததுதான். அந்நியச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்வது எப்படி என்று இந்தக் கரைக்காரர்களிடம்தான் பாடம் கேட்க வேண்டும். இட்லியையும் மசால் தோசையையும் அவர்கள் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டார்கள்! திருவனந்தபுரத்துச் சத்யை விருந்தில் பாயசத்தோடு போளி வைக்கிறார்கள். நம் போளியின் பங்காளி அது. நான் குத்தரிசியைக்கூட உள்ளே விடவில்லை.

கள்ளுக்கு வருகிறேன். அலுவலக வேலையாகப் பூசான் போயிருந்தபோது ஒரு சந்துக்கடையில் மக்கொல்லி குடித்தேன். அரிசியை நொதிக்கவைத்து எடுப்பது; பால்போல் கலங்கலாக, லேசான புளிப்போடு இருக்கும்; நெளிந்த அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். வயலில் வேலை செய்கிறவர்களின் பானமாக இருந்தது என்று உடன்வந்தவர் சொன்னதும் எனக்கு மெய்சிலிர்த்தது. கிராமத்து மண்ணைக் குடிக்கிறேன் என்றெல்லாம் தோன்றியது. விழிஞ்ஞத்தில் உள்ளூர் நண்பர் ஒருவர் கள்ளுஷாப்புக்குக் கூப்பிட்டார். அதுவும் வெண்மை, அதுவும் கலங்கல், அதுவும் புளிப்பு, அதுவும் உழைக்கிறவர்களின் பானம். வயிற்றைக் கெடுத்துவிடும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மைக் காரணம் வயிறு இல்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடைசெய்யப்பட்ட சரக்கு. அதற்கு முன்னாலும் எங்கள் வீட்டுக் கண்ணில் கள் குடிக்கிறவன் ஒரு தினுசான ஆள். தெரிந்தவர் யாராவது அந்த பெஞ்சில் என்னைப் பார்த்துவிட்டால்? பூசானில் என்னைப் பார்க்க யாரும் இல்லை. அங்கே கிண்ணம் தூக்கியதில் எந்த வீரமும் கிடையாது.

கோவளத்தையும் சொல்லிவிடுகிறேன், விழிஞ்ஞத்துக்கு அடுத்த வீடுபோலக் கிடக்கும் கடற்கரை. 1970களில் ஹிப்பிகள் வந்து தங்கிய காலத்திலிருந்து அங்கே வெள்ளைக்காரர் நாக்குக்கென்று பேன்கேக்கும் ஸ்பாகெட்டியும் உண்டு. உரிமம் இல்லாத சில கடைகளில் பீரைத் தேநீர்க் கெண்டியில் ஊற்றி, பீங்கான் குவளையோடு வைப்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். பயணக் கையேடுகளிலேயே அச்சாகியிருக்கிறது. அப்படி ஒரு கெண்டி என் மேசைக்கும் வந்திருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து நானும் குவளையைத் தேநீர்போல உறிஞ்சினேன். அந்தக் கள்ளத்தனமான நாகரிகத்தை ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டவனுக்குப் பதிமுகத் தண்ணீர் மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தேன். கொரியச் சாப்பாடு எனக்கு முற்றிலும் வேறு. அதில் எதையும் என்னால் சரி, தப்பு என்று சொல்ல முடியாது. கேரளச் சாப்பாடு முக்கால்வாசி என்னுடையது: இலை, சோறு, சாம்பார், அப்பளம், மோர். மீதிக் கால்வாசி வித்தியாசம் எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை, பிழையாகத் தெரிந்தது. என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய பையன் தப்புத் தப்பாக எழுதிவைத்ததுபோல. திருத்தத்தான் கை பரபரத்தது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நான் ‘தமிழன் சாப்பாடு’ என்று நினைத்துக்கொண்டிருந்தது தஞ்சாவூர்ச் சாப்பாடு மட்டுமே. விழிஞ்ஞத்திலிருந்து சற்றே தெற்கே போனால் குமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 வரை அதுவும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. அங்குள்ள தமிழர்களிடம் போய் மரச்சீனியும் மீன்குழம்பும் தமிழ்ச் சாப்பாடு இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லத்தான் கூச்சம். கொரிய மரியாதை கற்றால் வேலை நடக்கும், பெயர் கிடைக்கும், ஊரில் கதை சொல்லலாம். குத்தரிசிச் சோறு தின்றேன் என்று சொன்னால் யார் காது கொடுப்பார்கள்?

விழிஞ்ஞத்துக்குத் தமிழர்கள் அதிகாரத்தோடு போவது புதிதல்ல. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் கடல் சூழ்ந்த விழிஞ்ஞத்தை அழித்து அங்கிருந்த வேள் மன்னனை வென்றதைச் சீவரமங்கலச் செப்பேடு பெருமையாகச் சொல்கிறது. ராஜராஜனின் படையும் பிற்பாடு போய்க் கைப்பற்றியது. அவர்களுக்கு அங்கே என்ன தண்ணீர் கொடுத்தார்கள் என்று செப்பேட்டில் இல்லை. நான் அந்த வரிசையில் கடைசி ஆள், சாம்பார் கேட்டுப் படையெடுத்தவன்.

பிறகு திருந்தினேனா என்றால், பதில் கொஞ்சம் அசிங்கமானது. அடுத்த பயணத்தில் பதிமுகத் தண்ணீரைக் குடித்தேன், பிடித்தும் போனது. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பொட்டலம் வாங்கிவந்து வீட்டில் கொதிக்கவைக்க ஆரம்பித்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, எலுமிச்சை பிழிந்து நிறம் மாற்றிக் காட்டி, மார்கோ போலோவிலிருந்து பிரேசில் வரைக்கும் பேசுகிறேன். யாராவது குடிக்கத் தயங்கினால் எனக்குக் கோபம் வருகிறது. சென்னையில் ஓர் ஓணச் சத்யைக்குப் போயிருந்தோம். பாயசம் வந்ததும் சாப்பாடு முடிந்தது என்று இலையை மூடப்போன மச்சினனைத் தடுத்து, “இருடா, பாயசத்துக்கு அப்புறமும் மோருக்குச் சோறு வரும், இதுதான் முறை” என்றேன். அவன் பந்தியே கேட்கிற குரலில், “அத்தான், விழிஞ்ஞத்துல மீன் கடையில சாம்பார் கேட்டது நீங்கதானே?” என்றான்.

போன மாதம் அந்த மீன் ஹோட்டலுக்கு மறுபடி போனேன். சேச்சி ஜக்கை வைத்தார், வாங்கிக் குடித்தேன். குத்தரிசிச் சோறுதான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் வெள்ளைச் சோற்றோடு வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் இதைத்தான் கேட்கிறார்களாம். துறைமுக வேலைக்காரர்கள் வர ஆரம்பித்ததிலிருந்து தனிப் பானையில் வடித்துவைக்கிறார்களாம். அந்தப் பானை என்னைப் போன்றவர்களின் புண்ணியம். வேண்டாம், மாற்றிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. சாம்பாரும் வந்தது, ஊற்றிக்கொண்டேன்.