பிளே சொன்னது யார்?

அந்த வழக்கு முழுக்க ஒரே ஒரு ஷரத்தைச் சுற்றித்தான் நடந்தது. என் கட்சிக்காரர் தெற்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியில் குவார்ட்டர்பேக்குகளுக்கான (தாக்குதலை நடத்தும் வீரர்களுக்கான) உதவிப் பயிற்சியாளர். ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேலையை விட்டால், மிச்சக் காலத்துச் சம்பளத்தில் பாதியை அவர் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டும். ஆனால் வேறிடத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகவோ, ‘பிளே சொல்லும் பொறுப்புள்ள’ அஃபென்சிவ் கோஆர்டினேட்டராகவோ (தாக்குதல் ஆட்டப் பொறுப்பாளராகவோ) போனால் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. அவர் டெக்சஸில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனது கோஆர்டினேட்டராகத்தான். பழைய பல்கலைக்கழகம் ஒரு பருவம் முழுக்கப் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, 2019 வசந்தத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது: பதவியின் பெயர் கோஆர்டினேட்டர், ஆனால் ஆட்டத்தில் பிளே சொல்வது அங்குள்ள தலைமைப் பயிற்சியாளர், ஆகவே 1,75,000 டாலர் கட்டு.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்துப் பழகாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் ஆடும் கால்பந்தைப் போல ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டமல்ல இது. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் ஆட்டம் நிற்கும். அடுத்தது தொடங்க பொதுவாக 40 விநாடி. அதற்குள் பதினோரு பேரும் என்ன செய்வது என்று ஒருவர் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்துச் சொல்வதுதான் பிளே. குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் குரல் போகும் வசதி கல்லூரி ஆட்டத்துக்கு 2024இல்தான் வந்தது. அதற்கு முன் பயிற்சியாளர்களுக்குள் ஹெட்செட்டில் பேச்சு. அங்கிருந்து மைதானத்துக்குக் கைச்சைகை, இல்லாவிட்டால் படம் ஒட்டிய பெரிய அட்டைகள். பிளே சொல்பவர் யார் என்பதுதான் ஒரு உதவிப் பயிற்சியாளரின் சந்தை மதிப்பைத் தீர்மானிக்கும்.

என் கட்சிக்காரர் கிழக்கு டெக்சஸில் ஒரு உயர்நிலைப்பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்தவர். பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டதாரி உதவியாளர். படிப்புக் கட்டணமும் சொற்ப உதவித்தொகையும் தருவார்கள். இரவெல்லாம் எதிரணியின் வீடியோவை வெட்டி அடுக்க வேண்டும். அதன் பிறகு அனலிஸ்ட், அதாவது மைதானத்தில் இறங்கி வீரர்களுக்குச் சொல்லித்தர அப்போது அனுமதியில்லாதிருந்த வேலை. முதல் தர அணிகள் அப்போது 130 அளவில் இருந்தன. ஒவ்வொன்றிலும் மைதானத்தில் இறங்கக்கூடிய உதவிப் பயிற்சியாளர் ஒன்பது பேர். 2018 ஜனவரியில்தான் அது பத்தானது. அந்த நாற்காலிகளுக்கு நாடு முழுவதும் ஆட்கள் காத்திருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் உதவியாளர்கள் அத்தனை பேரும் பெரும்பாலும் சேர்ந்தே போக வேண்டியதுதான். ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். வாடகை வீடு. மனைவி நர்ஸ், மாநிலம் மாறும்போது சில சமயம் உரிமம் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. இப்படி வாழ்கிறவருக்கு, நல்ல இடம் அழைக்கும்போது கிளம்பிப் போக முடிவது ஒன்றுதான் பிடிமானம். இதை நான் வழக்கறிஞராக மட்டும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தின் சாமான்கள் பாதி பிரிக்காமலே அடுத்த வீட்டுக்குப் போனதைப் பார்த்தவன் நான்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருந்தது. அவர் கிளம்பியது 2017 நவம்பர் கடைசியில். பள்ளி வீரர்கள் முன்கூட்டியே கையெழுத்திடும் முறை அந்த ஆண்டுதான் முதன்முதலாக வந்தது. அது தொடங்கிய நாள் டிசம்பர் 20. அவரை நம்பி வருவதாக இருந்த ஒரு குவார்ட்டர்பேக் பையன் மனம் மாறி வேறு பல்கலைக்கழகத்தில் கையெழுத்திட்டான். பயிற்சியாளர் போனால் பையனும் போவான் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வலி. அதைத் தடுக்கத்தான் அந்த ஷரத்து என்று அவர்கள் வாதாடியதில் பொய்யில்லை.

எங்களுக்கு முன்னால் இதே தகராறு ஊரறிய நடந்திருந்தது. ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒன்பது பருவம் அஃபென்சிவ் லைன் பயிற்சியாளராக இருந்த ஜோ விக்லைன், 2014இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு அஃபென்சிவ் கோஆர்டினேட்டராகப் போனார். அவர் ஒப்பந்தத்திலும் பிளே சொல்லும் பொறுப்புக்கு விலக்கு இருந்தது. டெக்சஸில் பிளே சொல்வது இன்னொரு உதவிப் பயிற்சியாளரான ஷான் வாட்சன்தான் என்று சொல்லி, ஓக்லஹோமா ஸ்டேட் ஏறத்தாழ 5,93,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டது. டெக்சஸின் தலைமைப் பயிற்சியாளர் சார்லி ஸ்ட்ராங்கையே உட்காரவைத்து வாக்குமூலம் எடுத்தார்கள். 2015 பருவத்தின் முதல் ஆட்டத்தில் நோட்டர் டேமிடம் 38–3 என்று தோற்றதும், அந்தப் பொறுப்பு வாட்சனிடமிருந்து வேறோர் உதவிப் பயிற்சியாளரான ஜே நோர்வெல் கைக்குப் போனது. வழக்கு தீர்ப்புவரை போகாமல் சமரசத்தில் முடிந்தது. ஆகவே பிளே சொல்வது என்றால் சட்டத்தின் கண்ணில் என்ன என்று எந்த நீதிபதியும் எங்களுக்காக எழுதிவைக்கவில்லை.

எங்கள் வழக்கில் என் கட்சிக்காரரின் வாக்குமூலத்தன்று எதிர்த்தரப்பு வக்கீல் மேசைமீது ஒரு ஆட்டத் தாளை வைத்தார். பெரிய ஓட்டலின் மெனு அட்டை அளவு. இரண்டு பக்கமும் லேமினேட் செய்தது. மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்புக் கட்டங்கள். முதல் பதினைந்து பிளே ஒரு பத்தியில். மூன்றாவது டவுனில் (முயற்சியில்) தூரம் குறைவானால் என்ன, அதிகமானால் என்ன, கோல் கோட்டருகே என்ன, கடைசி இரண்டு நிமிடத்தில் என்ன என்று வரிசை வரிசையாகப் பொடி எழுத்து. ஓரத்தில் மார்க்கரில் கையால் எழுதிய திருத்தங்கள்.

“இது யார் கையெழுத்து?”

“என்னுடையது சார்.”

“இந்தப் பத்தி?”

“ஓட்டப் பிளேக்கள். லைன் பயிற்சியாளர் கொடுத்தார். நான் சேர்த்தேன்.”

பிறகு ஒரு வீடியோவை ஓடவிட்டார். நான்காம் கால்பகுதி, மூன்றாவது டவுன், ஏழு கெஜம் போக வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் மைதானத்தோரம் நின்று அதே தாளால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறார். எதிரணி உதட்டைப் பார்த்துப் படித்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாரும் செய்வது அது. என் கட்சிக்காரர் அப்போது மேலே கண்ணாடி அறையில் இருந்தார். ஹெட்செட் பேச்சு எங்கும் பதிவாகியிருக்கவில்லை. அந்த பிளேயைச் சொன்னது யார் என்று வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார்.

“அவர் என்ன இருக்கு என்று கேட்டார். நான் இரண்டு சொன்னேன். முதலாவதுக்கு அவர் சரி என்றார்.”

“அப்படியானால் சொன்னது அவர்தானே?”

“அவர் சரி சொன்னார் சார். பிளேயைச் சொன்னது நான்.”

ஞாயிறு முதல் வியாழன் வரை நான்கு பேர் சேர்ந்து உருவாக்கியதை, சனிக்கிழமை ஒரு விநாடியில் வாய்விட்டுச் சொன்னவர் யார் என்று கண்டுபிடித்து அதற்கு 1,75,000 டாலர் விலை வைப்பது எனக்கு அன்றும் ஏற்புடையதாக இல்லை, இன்றும் இல்லை.

வழக்கை எங்கே நடத்துவது என்பது பெரிய தலைவலியாக இருந்தது. நாங்களே முந்திக்கொண்டு டெக்சஸில் உரிமை விளம்புகை கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, 2019 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஹயாட் தீர்ப்பு வந்தது. ஒரு மாநிலத்தை அதன் சம்மதமில்லாமல் இன்னொரு மாநில நீதிமன்றத்துக்குத் தனிநபர் இழுக்க முடியாது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் கவசம் உண்டு. ஆக, வழக்கு அவர்கள் ஊரில், அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில். அந்த ஊரில் பல்கலைக்கழகம்தான் பெரிய முதலாளி. ஜூரிக்கு வரக்கூடியவர்களில் பாதிப் பேர் கார்களில் அணிக் கொடி பறக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஒருவரை இங்கேயே வேலை செய் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது; பணம்தான் கேட்கலாம். அந்தப் பணமும் ஒப்பந்தம் எழுதிய நாளில் இழப்பை நியாயமாகக் கணித்ததாக இருக்க வேண்டும். தண்டனையாக இருந்தால் செல்லாது. எதிர்த்தரப்பு நம்பியது வாண்டர்பில்ட் – டினார்டோ தீர்ப்பை. ஜெர்ரி டினார்டோ கொலராடோவில் அஃபென்சிவ் கோஆர்டினேட்டராக இருந்து உயர்ந்தவர். 1990 டிசம்பரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார். 1994 கடைசியில் எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு) போய்விட்டார். வாண்டர்பில்ட் கேட்டது 2,81,886.43 டாலர். 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஷரத்து செல்லும் என்றது. இரண்டாண்டு நீட்டிப்பு கட்டுப்படுத்துமா என்ற கேள்வியை மட்டும் கீழே திருப்பி அனுப்பியது. தலைமைப் பயிற்சியாளர் போனால் வரும் கேடு புது ஆள் தேடும் செலவோடு நிற்காது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

என் பதில் இதுதான். தலைமைப் பயிற்சியாளர் போனால் நன்கொடையாளர் முதல் டிக்கெட் வாங்குபவர் வரை பாதிப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் போனதற்காக யாராவது சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்களா? திறந்த ஆவணச் சட்டத்தின் கீழ் வாங்கிய தாள்கள் இன்னொன்றையும் காட்டின: அவர் இடத்துக்கு வந்தவரின் சம்பளம் இவருடையதைவிடக் குறைவு. ஒப்பந்தம் எழுதிய நாளின் கணிப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பதால், அது மட்டும் வழக்கை வென்று தராது. ஆனாலும் பிறகு எங்களுக்கு வாய்த்த மத்தியஸ்தர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியஸ்தம் 2020 பிப்ரவரியில். ஓய்வுபெற்ற நீதிபதி, ஃபுட்பால் பித்தர். அதற்கு முந்தைய மாதம்தான் எல்எஸ்யூ ஓர் ஆட்டமும் தோற்காமல் பட்டம் வென்றிருந்தது. அங்கே கோஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர். ஆனால் நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராயில்ஸ் விருது கிடைத்தது, பாஸ் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்ட ஜோ பிரேடிக்கு. அவர் உடனே தொழில்முறை அணியான கரோலினா பேந்தர்ஸுக்கும் போய்விட்டார். பதவிப் பெயரையும் ஹெட்செட் குரலையும் வைத்து ஒருவரின் வேலையை அளக்கவே முடியாது என்பதற்கு அந்த அணியே சாட்சி என்றேன். மத்தியஸ்தர் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர் ஜூரி என்னைப் போல அல்ல என்று எச்சரித்தார். அதையும் மறுக்க முடியவில்லை.

60,000 டாலரில் முடிந்தது. புதிய பல்கலைக்கழகம் 40,000 தந்தது. அப்படித் தந்த பணம் பயிற்சியாளரின் வருமானமாகக் கணக்கிடப்படலாம் என்பதால், வரியையும் அவர்களே ஏற்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று எழுதி வாங்கினோம். மிச்ச 20,000 அவர் சேமிப்பிலிருந்து போனது. உதவிப் பயிற்சியாளர்கள் பலர் இந்த வரி விஷயத்தை அடுத்த ஏப்ரலில் கணக்காளர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

பிறகு மூன்றாவது பல்கலைக்கழகம் ஒன்று அவரை அழைத்தது. ஒப்பந்தத்தை நான்தான் படித்தேன். பிளே சொல்லும் பொறுப்பு என்பதை முழுதாக அடித்துவிட்டு, நியமனக் கடிதத்தில் கோஆர்டினேட்டர் என்றிருந்தாலே விலக்கு உண்டு என்று மாற்றினோம். கட்ட வேண்டிய தொகை ஒவ்வொரு ஜனவரியும் பாதியாகக் குறையும். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் எதுவும் கட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் வக்கீல் மூன்றையும் ஏற்றுக்கொண்டார். வரிப் பகுதிக்கு மட்டும் ஒரு வாரம் இழுத்தடித்தார். பிறகு அதுவும் கையெழுத்தானது.