அடகு வைக்க வளையல் இல்லாத வீடுகள்

ராமேஸ்வரத்து அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாமல் நின்றபோது, அக்கா ஜோகரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். படித்து முடித்தவர் பெங்களூரு எச்.ஏ.எல்.லில் பயிற்சியாளராக விமான எஞ்சின்களைப் பழகினார். பிறகு இஸ்ரோவில் சேர்ந்து, 1980இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டை வெற்றிகரமாக ஏவிய திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் கேட்டு வளரும் கதை இது.

சேரியில் நாங்கள் இதைச் சொன்னால் ஒரு கேள்வி வரும்: "அக்காகிட்ட வளையலே இல்லேன்னா?"

மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் போன்ற இடங்களில் பொறியியல் பட்டதாரிகளுக்கு ஓராண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சி உண்டு. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், 3ஏ பிரிவில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. 2019இல் திருத்திய விதி, பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தது.

அப்படியொரு பயிற்சிக்குத் தேர்வானாள், கரிமூட்டம் போடும் வீட்டுப் பெண் ஒருத்தி. ஆனால் போகவில்லை. அறைக்கு முன்பணம், பஸ் காசு, முதல் உதவித்தொகை கைக்கு வரும்வரை சாப்பாடு. வீட்டில் இருந்த குந்துமணித் தங்கமும் கல்லூரிக் கட்டணத்திலேயே போயிருந்தது.

சட்டம் திறந்த கதவை முதல் மாதச் செலவு அடைத்துவிட்டது. இடத்தை ஒதுக்குகிறவர்கள், சேரும் நாளிலேயே ஒரு மாத முன்பணத்தையும் தங்க இடத்தையும் ஒதுக்கட்டும். இது சலுகை அல்ல, அந்த இட ஒதுக்கீட்டின் மீதிப் பாதி.

அதுவரை நாங்கள் கைக்காசு சேர்க்கிறோம். கடிதம் வந்த பிள்ளைகள் "வேண்டாம்" என்று எழுதிப் போடும் முன் எங்களிடம் வாருங்கள்.

ஜெய் பீம்.