முகமூடிக்குள் ஒரு வஃளு

இப்னு பதூதாவின் பயண நூலைப் பல்லாண்டுகளாக அரபு வகுப்பில் நடத்தி வருகிறேன். நம் மதுரைக்கும் வந்து சென்ற அப்பெரியார், ஹிஜ்ரி 753இல், அதாவது கி.பி. 1352இல், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டை அடைந்து, மன்னர் மன்ஸா சுலைமானின் அவையைக் கண்டார். பெருநாள் தினத்தில் அங்கே புலவர்கள் இறகுகளாலான பறவை உருவுக்குள் புகுந்து, செந்நிற அலகுடைய மரத்தலையைத் தரித்து, அரசர் முன் நின்று கவி பாடினார்கள். அது நகைப்புக்குரிய கோலம் என்று அவர் எழுதிவைத்தார். நானும் அப்பகுதி வரும்போதெல்லாம் மாணவர்களைச் சிரிக்கவைத்துவிட்டு மேலே சென்றுவிடுவேன்.

ஓராண்டு ஒரு மாணவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஹஜ்ரத், அவர்கள் பாடியது ஒருவகை வஃளு என்று இங்கேயே இருக்கிறதே? உடை தவறா, சொன்னது தவறா?" என்று கேட்டார்.

உண்மைதான். இதே மேடையில் முன்பு அமர்ந்த அரசர்கள் இன்னின்ன நற்செயல் புரிந்தார்கள், தாங்களும் பின்னோர் நினைக்கும் நன்மையைச் செய்யவேண்டும் என்று அரசருக்கே அறிவுறுத்துவது அப்பாட்டின் கருத்து. வெறும் முகத்தோடு அதைச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அன்று நான் விடை கூறவில்லை. மணி அடித்தது எனக்கு வசதியாயிற்று.

இஸ்லாத்துக்கு முன்பிருந்தே வந்த வழக்கம் என்று அம்மக்கள் இப்னு பதூதாவிடம் சொன்னார்களாம். அவர்களுடைய தொழுகைப் பேணுதலையும், குர்ஆனை மனனம் செய்யாத பிள்ளைகளுக்கு விலங்கிடும் கண்டிப்பையும் புகழ்ந்தவரும் அவரே. விலங்கை நான் புகழமாட்டேன்!

அதன் பின்னரே அப்பகுதி முகமூடிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். பழைய மாலிப் பேரரசின் மரபினரான மாண்டிங்கா மக்கள் செனகல், காம்பியா நாடுகளில் வாழ்கிறார்கள்; பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், சிறுவர்களின் கத்னாவையொட்டி, அவர்களிடையே 'காங்குராங்' வெளிப்படுகிறது. ஃபாரா என்னும் மரத்தின் பட்டையாலும் செந்நாராலும் தம்மை மூடிக்கொண்ட ஒருவர், இரண்டு வெட்டுக்கத்திகளை ஒன்றோடொன்று மோதி, கீச்சொலி எழுப்பித் துள்ளி வருவார். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மூத்தோர்.

பிள்ளைகளைத் தீய சக்திகளிடமிருந்து அவர் காக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை நான் ஏற்கவில்லை, காவல் அல்லாஹ்விடமே. ஆனால் அச்சடங்கின்போது பிள்ளைகள் கற்பவற்றை எப்படித் தள்ளுவது? சமூகத்தில் நடந்துகொள்ளும் முறை, மூலிகைகளின் குணம், வேட்டை நுணுக்கம் எல்லாம் மூத்தோரிடமிருந்து அவர்களுக்கு வருகின்றன. ஊரின் ஒழுங்குக்கும் நீதிக்கும் காங்குராங்கே காவலராக மதிக்கப்படுகிறார். முகம் மறைந்திருப்பதால், இன்னார் மகன் என்னைக் கண்டித்தான் என்ற பகைக்கு அங்கே இடமில்லை போலும். எங்கள் ஊர் ஜமாஅத் வழக்குகளை நினைத்துக்கொண்டேன்.

யுனெஸ்கோ 2005இல் இதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. 2008இல் பட்டியலில் சேர்த்தது. அதற்குள் புனிதக் காடுகள் பல விளைநிலங்களாகிவிட்டன. நகரங்கள் பெருகப் பெருக, வழக்கமும் தளர்ந்துவருகிறது.

இவ்வாண்டு அப்பகுதி வந்தபோது நான் சிரிக்கவைக்கவில்லை. புலவர் தலைவர் மேடையேறி அரசரின் மடியிலும், பிறகு வலத்தோளிலும் இடத்தோளிலும் தலை சாய்க்கும் இடம்வரை நிதானமாக வாசிக்கச் செய்தேன்.

கேள்வி கேட்ட மாணவர் இப்போது வேறோர் ஊரில் ஓதிக்கொடுக்கிறார். அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: "தம்பி, சொன்னதில் தவறில்லை. உடையைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்."